இங்கிலீஷ்ல சொல்லுங்க சிஸ்டர்

அந்தச் சேர் வேண்டாம் சிஸ்டர், இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். அங்கே உட்கார்ந்தால் ஏசி நேராகத் தொண்டையில் அடிக்கும். உள்ளே போய் வாயைத் திறந்தால் குரல் வராது. பட்டவள் சொல்கிறேன். போன தடவை அதே சேரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் தடவையா? பார்த்தாலே தெரிகிறது. செல்போனை வாங்கி வைத்துக்கொண்டதும் உங்கள் கை எங்கே போவது என்று தெரியாமல் மடியில் அலைகிறது பாருங்கள். எல்லாருக்கும் அப்படித்தான். இத்தனை மாதம் அந்தப் போனைப் பார்த்துத்தானே படித்தோம். இங்கே வந்ததும் முதலில் அதைத்தான் பிடுங்குகிறார்கள்.

எந்த ஊர்? போடியா. நான் திருநெல்வேலி. நவமணி. இன்னும் நேரமிருக்கிறது. இப்போது உள்ளே போயிருக்கிற பச்சைச் சுடிதார் வந்த பிறகு நான். எனக்குப் பிறகு நீங்கள்.

இந்தப் பரீட்சை எனக்கு எத்தனையாவது தடவை என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னதும் எல்லாரும் ஒரு முகம் காட்டுகிறார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் காட்டுகிற முகம். எனக்கு அது பிடிக்காது. என் இங்கிலீஷில் ஒரு குறையும் இல்லை. எழுதச் சொல்லுங்கள், எழுதுவேன். காதில் மாட்டிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள், கேட்டு டிக் அடிப்பேன். இந்தப் பேச்சு ஒன்றுதான். சீட்டைக் கையில் கொடுப்பார்கள், நீ நர்ஸ், எதிரில் உட்கார்ந்திருக்கிற அம்மா பேஷண்ட், அவரிடம் இதைச் சொல் என்று. அங்கேதான் மார்க் போகிறது. அதுவும் என் குற்றமில்லை. என்னைக் கெடுத்தது ஒரு பேஷண்ட். நிஜப் பேஷண்ட். மாடத்தி என்று பெயர்.

சொல்கிறேன். உங்களுக்கும் உபயோகமாக இருக்கும்.

நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி பெயர் எதற்கு, எல்லாம் ஒரே மாதிரிதானே. லேடீஸ் சர்ஜிக்கல் வார்டு. நான் சீனியர். எனக்குக் கீழே ஷெர்லின் என்று ஒரு பெண், மார்த்தாண்டத்துக்காரி. நன்றாகப் படிப்பாள், ஆனால் எதற்கெடுத்தாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்றாலும் அழுவாள். நர்சுக்கு அது ஆகாது. நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் பின்சி மேடம் வீடியோ பார்த்துத்தான் படித்தோம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவர், பின்னால் ஒரு சின்னப் பூந்தொட்டி. ‘குட் மார்னிங் மை டியர் ஏஞ்சல்ஸ்’ என்று ஆரம்பிப்பார். கோட்டயத்துக்காரர், இப்போது லண்டனில் சீனியர் நர்ஸ். நான் மனதுக்குள் அவரிடம் தமிழில் பேசுவேன், தெரியுமா? ‘இருங்க மேடம், டீ குடிச்சிட்டு வந்துர்றேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவேன். சமையல் செய்யும்போதும் ஓடும். என் வீட்டுக்காரர், ‘என்ன, உன் மாமியார் வந்துட்டாங்களா?’ என்பார்.

கேலி செய்யட்டும். என் கூடப் படித்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் சிஸ்டர். எங்கள் பேட்ச் வாட்ஸப் குரூப்பில் ஒருத்தி பனியில் நின்று படம் போடுவாள், ஒருத்தி பாலத்தில் நின்று போடுவாள். நான் ஹார்ட் போடுவேன். குரூப்பில் இன்னும் திருநெல்வேலியில் இருந்துகொண்டு ஹார்ட் போடுகிறவள் நான் ஒருத்திதான். என் மகள் யு.கே.ஜி. படிக்கும்போது மிஸ்ஸிடம் ‘எங்கம்மா லண்டன் போகப் போறாங்க’ என்று சொன்னாள். இப்போது எட்டாவது படிக்கிறாள். இப்போது யாரிடமும் சொல்வதில்லை. இந்தத் தடவையும் பாஸ் இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுவேன் என்று ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டார். வயதாகிவிட்டதாம். அவர் அப்படிச் சொல்லவில்லை, ‘அங்க சின்னப் பிள்ளைகளைத்தான் கேக்கிறாங்க சிஸ்டர்’ என்றார். ஆக, இதுதான் கடைசி.

மாடத்தி. ஆமாம், அங்கே வருகிறேன்.

வயிற்று வலி என்று வந்தாள். சங்கரன்கோவில் பக்கம் ஏதோ கிராமம். வற்றிப்போன உடம்பு, காதில் தொங்குகிற ஓட்டை. அட்மிஷன் நான்தான் போட்டேன். தொழில் என்ற இடத்தில் ஹவுஸ் வொய்ஃப் என்று எழுதினேன். நாம் என்ன கேட்டா எழுதுகிறோம்? பெண்பிள்ளை என்றால் அதைப் போட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குவோம். அவளுக்குக் கையெழுத்தும் வராது. கைநாட்டு. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் சிஸ்டர். கைநாட்டு வைத்தாள்.

ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள். உள்ளே கொண்டுபோன வேகத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். திறந்து பார்த்தால் எல்லா இடத்திலும் பரவியிருந்தது. ஈரல் வரைக்கும். ஒன்றையும் தொடாமல் அப்படியே மூடித் தைத்துவிட்டார் டாக்டர். மகன் இசக்கிராஜைக் கூப்பிட்டுச் சொன்னார். மினி லாரி ஓட்டுகிற பையன். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான்.

‘சிஸ்டர், அம்மைட்ட மட்டும் சொல்லிராதிய. வயித்துல புண்ணு, எடுத்தாச்சுன்னு சொல்லியிருக்கோம். தெரிஞ்சா அன்னைக்கே போயிருவா.’

‘நாங்க ஏன் தம்பி சொல்லப் போறோம்? கவலைப்படாம இருங்க’ என்றேன்.

உங்கள் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே? நாம் எங்கே பேஷண்டிடம் சொல்கிறோம்? கூட இருக்கிறவர்களிடம் சொல்வோம். பேஷண்டுக்குப் புண், கட்டி, வாயு. நமக்குள் பேசிக்கொள்ள வேண்டியிருந்தால் இங்கிலீஷ். டி.பி. என்று சொல்ல மாட்டோம், காக்ஸ் என்போம். கேன்சர் என்று வாயே திறக்க மாட்டோம், அந்த வார்த்தை இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மைட்டோட்டிக் என்போம். கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, ‘மைட்டோட்டிக் கேஸ், ஓப்பன் அண்ட் க்ளோஸ்’ என்று அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்போம். பேஷண்ட் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் சிரிப்போம். அவரும் சிரிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இங்கிலீஷ் எதற்கு என்றால் இதற்குத்தான்.

பின்சி மேடம் சொல்லிக்கொடுப்பது வேறு இங்கிலீஷ். அங்கே பேஷண்டிடம் நேராகச் சொல்ல வேண்டுமாம். வீட்டுக்காரர்களிடம் சொல்லக்கூடாதாம், பேஷண்ட் சம்மதித்தால்தான் சொல்லலாமாம். கேட்டுவிட்டு நானும் ஷெர்லினும் சிரித்தோம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில், செய்தி நல்லதாக இல்லை என்று ஒரு வார்த்தை. அப்புறம் கொஞ்சம் மௌனம். அப்புறம் விஷயம். அப்புறம் மறுபடியும் மௌனம். தலையை லேசாக ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். கடைசியில், ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் திஸ் மஸ்ட் பி வெரி டிஃபிகல்ட் ஃபார் யூ.’ உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நம் ஊரில் இதை யாராவது சொல்வார்களா? சொன்னால், ‘உனக்கு என்னட்டி புரிஞ்சது?’ என்று கேட்பார்கள். ஆனால் இதற்கு மார்க் இருக்கிறது. தலை சாய்ப்பது எனக்கு உடனே வந்துவிட்டது. மௌனம்தான் வரவில்லை. நம் வார்டில் மௌனமாக நின்றால் மருந்து மறந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

பேசிப் பழக இடம் வேண்டுமே. நர்சிங் ஸ்டேஷனில் போனை எடுக்கக்கூடாது என்று சூப்பிரண்டெண்ட் மேடம் உத்தரவு. அங்கே கேமரா. மருந்து அறையிலும் கேமரா. கேமரா பார்க்காத இடம் வார்டில் ஒன்றே ஒன்று, மூலைக் கட்டில். அதைச் சுற்றி ஸ்கிரீன் துணியை இழுத்துவிட்டால் வெளியே பார்க்கிறவர்களுக்கு டிரஸ்ஸிங் நடக்கிறது என்று தோன்றும். மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்டு தூங்குகிற நேரத்தில் நாங்கள் உள்ளே போவோம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஷெர்லின். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி பேஷண்ட்.

நடுவில் மாடத்தி. அது அவள் கட்டில்தானே.

முதல் நாள் அவளே கேட்டாள். ‘என்ன சிஸ்டர், பாடமா படிக்கிய?’

‘ஆமாம்மா. வெளிநாட்டு வேலைக்கு.’

‘எந்த ஊருக்கு?’

‘லண்டனுக்கு.’

‘குளிருமே’ என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மூடிய கண்ணோடேயே, ‘நல்லாப் படிங்க. வேலை செஞ்சிரலாம். பேச ஆளு இருக்காது, அதுதான்’ என்றாள்.

எல்லாக் கிழவிகளும் எதையாவது சொல்வார்கள். நான் டிரிப்ஸ் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

எதிரில் ஒரு முகம் இருக்க வேண்டும், அதன் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று பின்சி மேடம் சொல்வார். ஷெர்லின் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அதனால் மாடத்தி முகத்தைப் பார்த்துப் பேசினேன். அவளும் தினமும் பார்ப்பாள். காத்திருப்பாள் என்றே சொல்லலாம். காலில் சர்க்கரைப் புண், ஆஸ்துமா பிள்ளையின் தாய், புகை பிடிப்பதை விட வேண்டிய மனிதர், இப்படி ஒவ்வொரு சீட்டாக அவள் முகத்தில் பேசித் தீர்த்தோம். சீட்டுகள் தீர்ந்த பிறகு, தெரிந்த நிஜக் கேஸை வைத்துப் பேசிப் பழகுங்கள் ஏஞ்சல்ஸ், அப்போதுதான் சரளம் வரும் என்று மேடம் ஒரு வீடியோவில் சொன்னார். அப்போது இதே கேஸை வைத்துப் பேசலாமே என்று ஷெர்லின்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். நானாகவும் இருக்கலாம். அது இப்போது முக்கியமில்லை.

அன்று நான் நர்ஸ். ஷெர்லின் பேஷண்ட். சிஸ்டர், நான் பெருமைக்குச் சொல்லவில்லை, அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, நான் அப்படிப் பேசியது கிடையாது. தண்ணீர் மாதிரி வந்தது. செய்தி நல்லதாக இல்லை என்றேன். நிறுத்தினேன். நிற்க முடிந்தது. ஆபரேஷனில் நாங்கள் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, நோய் வயிற்றைத் தாண்டி ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, எதையும் எடுக்க முடியவில்லை, திரும்ப மூடிவிட்டோம் என்றேன். இவ்வளவும் இங்கிலீஷில், மாடத்தியின் கண்ணைப் பார்த்து. தலையைச் சாய்த்தேன். மறுபடியும் நிறுத்தினேன்.

இப்போது ஷெர்லின் பேச வேண்டும். பேஷண்ட் பேச வேண்டிய இடம். அவள் என்னையே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவு நன்றாகப் பேசிவிட்டேன்.

கட்டிலிலிருந்து பதில் வந்தது.

‘அப்போ ஒண்ணுமே வெட்டி எடுக்கலியா?’

இங்கிலீஷில் சிஸ்டர். எங்கள் இங்கிலீஷ் இல்லை. வேகமாக, வார்த்தையை முழுங்கி, கடைசியில் ஒரு ‘லா’ போட்டு. அப்புறம், ‘இன்னும் எவ்வளவு நாள்?’ அதுவும் இங்கிலீஷில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த வரியைச் சொல்லிவிட்டேன். ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் திஸ் மஸ்ட் பி வெரி டிஃபிகல்ட் ஃபார் யூ.’ வாய் தானாகச் சொன்னது. பழக்கம்.

ஷெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். மாடத்தி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: ‘நல்லாப் பேசுறிய சிஸ்டர். நீங்க பாஸாயிருவிய.’

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவளே சொன்னாள். உச்சரிப்பு தெரிந்த ஒருத்தி சொன்னாள், நான் பாஸாகிவிடுவேன் என்று.

அப்புறம்தான் தெரிந்தது, சிங்கப்பூரில் வீட்டு வேலை பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த சீனத்து அம்மாவைப் பல வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டில் எல்லாரும் இங்கிலீஷ். எழுத்து தெரியாது, பேச்சு தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். முதல் நாளே, ‘எனக்கு இது புரியும் சிஸ்டர்’ என்று சொல்லியிருந்தால் நாங்கள் வேறு இடம் பார்த்திருப்போம். தினமும் கண்ணை மூடிக்கொண்டு படுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இது என்ன குணம்? பிற்பாடு ஷெர்லின் கேட்டதற்கு, ‘காதுல விழுந்துக்கிட்டு இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. இந்தப் பாஷையைக் கேட்டு ரொம்ப நாளாச்சு’ என்றாளாம்.

அன்று சாயங்காலம் மகன் வந்தான். ஸ்கிரீனுக்கு வெளியே மருந்து டிரேயை வைத்துக்கொண்டு நின்றேன்.

‘புண்ணு ஆறிட்டு வருதாம்மா. டாக்டர் சொன்னாரு’ என்றான்.

‘ஆமாய்யா. எனக்கும் அப்படித்தான் தெரியுது. நீ சாப்பிட்டியா?’ என்றாள்.

அப்பாடா என்று இருந்தது. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அவளும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை, மகனும் சந்தோஷமாக இருந்தான். இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் மறுநாளிலிருந்து அவள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். மூலைக் கட்டில் பக்கம் போகாமல் சுற்றிப் போனாலும் குரல் வரும். ‘சிஸ்டர், இன்னைக்குப் பாடம் இல்லையா?’ மற்ற பேஷண்டுகள் சிரிப்பார்கள். ‘சிஸ்டருக்கு டியூஷன் எடுக்காங்க அம்மா’ என்று பக்கத்துக் கட்டில்காரி கேலி செய்தாள். ஷெர்லின் பாடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பார்க்கிறவர்கள் ஏதாவது நினைப்பார்களே என்று ஒரு மத்தியானம் நான் மட்டும் போனேன். ஸ்கிரீனை இழுத்துவிட்டேன்.

‘உக்காருங்க’ என்றாள். கட்டிலில் உட்காரச் சொன்னாள். நாம் எங்கே பேஷண்ட் கட்டிலில் உட்காருவது? நின்றேன்.

‘அங்க அந்தச் சீனத்தம்மாவுக்கு வீட்டுக்கே நர்ஸ் வருவா. கட்டில்ல உக்காந்து எல்லாத்தையும் சொல்லுவா. இனிமே இப்படி ஆகும், அதுக்கு இந்த மருந்து, அப்புறம் இப்படி ஆகும்னு. அந்தம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கிடும். நான் பக்கத்துல நின்னு கேப்பேன்.’

‘சரிம்மா.’

‘இங்க தமிழ்ல கேட்டா எல்லாரும் புண்ணுங்கிறாங்க. என் மகனும் புண்ணுங்கிறான். நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க சிஸ்டர். யாருக்கும் தெரியாது.’

பிறகு கேட்டாள். இங்கிலீஷில், மெதுவாக, எனக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாக. கடைசியில் ரொம்ப வலிக்குமா? அந்தச் சீனத்தம்மாவுக்கு மூச்சு முட்டியது, எனக்கும் முட்டுமா? முட்டும்போது யாரைக் கூப்பிடுவது, மகனையா, உங்களையா?

சிஸ்டர், இந்தக் கேள்வி எந்த வீடியோவிலும் இல்லை. நான் எல்லாம் பார்த்திருக்கிறேன். ‘எவ்வளவு நாள்?’ என்று பேஷண்ட் கேட்பார், அதற்குப் பதில் இருக்கிறது. டாக்டரோடு பேச ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். ‘நான் செத்துவிடுவேனா?’ என்று கேட்பார், அதற்கும் இருக்கிறது. இது இல்லை. பாடத்தில் இல்லாததைக் கேட்டால் நான் என்ன செய்வேன்?

‘ஒண்ணுமில்லம்மா. எல்லாம் சரியாயிரும். புண்ணுதானே’ என்றேன்.

தமிழில்தான் வந்தது.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நானும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். ‘சரி சிஸ்டர்’ என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஸ்கிரீனைத் திறந்துவிட்டு நான் வந்துவிட்டேன். மூன்றாம் கட்டிலுக்கு ஊசி போட வேண்டிய நேரம் அது. வேண்டுமென்று வரவில்லை, நிஜமாகவே ஊசி இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பாடம் கேட்கவில்லை. இங்கிலீஷும் பேசவில்லை. பால் கொடுத்தால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்படியே வைத்திருப்பாள். அப்படியே விட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. இந்த ஷெர்லின் பெண்ணால் சும்மா இருக்க முடியவில்லை. மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் அண்ணே, எங்களால்தான் தெரிந்தது, நீங்கள் போய் அம்மாவிடம் மனம் விட்டுப் பேசுங்கள், அவர்களுக்குப் பேச ஆள் வேண்டும் என்று. அழுதுகொண்டே சொன்னாளாம்.

அவன் எங்கே பேசினான்? வார்டில் நின்று கத்தினான். ‘எங்கம்மைய வாயாலேயே கொன்னுட்டியளே’ என்றான். டாக்டர் வந்தார், சூப்பிரண்டெண்ட் மேடம் வந்தார், செக்யூரிட்டி வந்தது. மகன் அம்மாவிடம் போய், ‘யாரு சொன்னா, கையக் காட்டு’ என்றான். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன்.

‘யாரும் சொல்லல. வயிறு என் வயிறு. எனக்குத் தெரியாதா?’ என்றாள் மாடத்தி. என்னைப் பார்க்கவேயில்லை.

பேஷண்டே யாரும் சொல்லவில்லை என்று சொன்ன பிறகு நான் எதற்கு நான்தான் என்று சொல்ல வேண்டும்? விசாரணையில் என்னைக் கேட்டார்கள். மூலைக் கட்டிலில் ஸ்கிரீன் போட்டிருந்தது, டிரஸ்ஸிங் நடந்தது என்றேன். டிரஸ்ஸிங் தினமும் நடக்கத்தானே செய்தது? ஷெர்லின் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டும் இல்லை. அது இல்லாமல் வெளிநாடு போக முடியாது. ஆனால் அவளுக்குச் சின்ன வயது, கல்யாணம் ஆகிவிடும். எனக்கு அப்படியா? நான் போனில் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. கோபம் போலிருக்கிறது. என் மேல் என்ன கோபம்?

மாடத்தியை மகன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். ஸ்ட்ரெச்சரில் போகும்போது நான் லிஃப்ட் வரைக்கும் போனேன். ‘நல்லா சாப்பிடுங்கம்மா’ என்றேன். தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் இருக்கவில்லை என்று கேள்வி. மூச்சு முட்டியதா என்று கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது?

இவ்வளவுதான். இதற்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வருகிறேன். அடுத்த மாதம் வந்து இங்கே எழுதினேன். உள்ளே போனேன். எதிரில் ஒரு அம்மா, ரொம்ப நல்ல மாதிரி, புன்சிரிப்பு. சீட்டு சுலபமான சீட்டு. ஆரம்பம் எல்லாம் நன்றாகப் போனது. பாதியில் அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, பேஷண்ட் மாதிரி, ‘எனக்குப் பயமாக இருக்கிறது நர்ஸ்’ என்றார். இங்கிலீஷில்தான். என் வாயிலிருந்து, ‘ஒண்ணுமில்லம்மா. எல்லாம் சரியாயிரும்’ என்று வந்தது. தமிழில். அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த தடவை சர்க்கரைப் புண் சீட்டு. எத்தனை தடவை பேசிய சீட்டு! கால் விரலை எடுத்துவிடுவார்களா என்று பேஷண்ட் கேட்டதும் அதே கதை. அதற்கடுத்த தடவை தமிழ் வரவில்லை, வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அதனால் எதுவுமே வரவில்லை. மௌனம். பின்சி மேடம் சொன்ன மௌனம் இல்லை, இது வேறு. மணி அடிக்கிற வரைக்கும்.

வீட்டில் எல்லாம் வருகிறது சிஸ்டர். சமையலறையில் ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டு மடமடவென்று வருகிறது. இங்கே வந்து இந்த ஏசியில் உட்கார்ந்தால்தான் தொண்டை கட்டிக்கொள்கிறது. நான் இங்கே எழுதிக்கொடுத்துக்கூடப் பார்த்தேன், ஏசியைக் குறையுங்கள் என்று.

கதவு திறக்கிறதா? இல்லை, தண்ணீர் வைக்கிறவர்.

எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. நீங்கள் பேஷண்டாக இருங்கள். நான் நர்ஸ். ஒன்றே ஒன்று கேளுங்கள், கடைசியில் வலிக்குமா என்று. பரீட்சையில் அது வராது, எனக்குத் தெரியும். சும்மா கேளுங்கள். இங்கிலீஷில்.

ம்.

இருங்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.

பச்சைச் சுடிதார் வந்துவிட்டாள். முகத்தைப் பாருங்கள், அழுதிருக்கிறாள். நம்மைத் தாண்டிப் போகும்போது பேசாதீர்கள், அவளைப் பார்த்தால் நமக்கும் வந்துவிடும். என் பெயர்தான். நவமணி. ஆமாம் சார், வருகிறேன்.

கையை விடுங்கள் சிஸ்டர். ஐயோ, எவ்வளவு குளிர்ந்துபோயிருக்கிறது. என்ன கேட்டீர்கள்? நீங்கள் பாஸாகிவிடுவீர்களா என்றா?

ஒண்ணுமில்லம்மா. எல்லாம் சரியாயிரும். உள்ளே ஏசி மட்டும்தான் கொஞ்சம் அதிகமாக இருக்கும்.